ஒப்புக் கால அட்டவணை வரைவது எப்படி? சோழர் முதல் சிங்கப்பூர் வரை ஒரே தாளில்

தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய காலத்தில் சீனாவை ஆண்டது யார், கம்போடியாவில் எந்த அரசு இருந்தது என்று கேட்டால், வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே தயங்குவார்கள். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்ததன் விளைவு இது. எல்லா நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் அட்டவணையை நாமே கையால் வரைந்தால் இந்தக் குறை தீரும். அச்சடித்ததை வாங்கிச் சுவரில் மாட்டுவதில் பயன் குறைவு. ஆண்டைக் கணக்குப் போட்டுக் குறிக்கும்போதுதான் அது மனதில் ஏறுகிறது.

வங்கக்கடலைச் சுற்றிய நாடுகளை, கி.மு. 300 முதல் கி.பி. 2000 வரை எடுத்துக்கொள்வோம்.

1. தாள், அளவு, பத்திகள்

ஏ4 கிராஃப் தாள் நான்கை நீளவாக்கில் ஒட்டுங்கள். 1 செ.மீ. என்பது 25 ஆண்டு. 2300 ஆண்டுக்கு 92 செ.மீ. போதும். தமிழகம், தக்காணம், இலங்கை, தென்கிழக்காசியா, சீனா, மேற்குலகம் என ஆறு பத்திகள். தமிழகத்துக்கு மட்டும் இரட்டை அகலம் விடுங்கள். சேர, சோழ, பாண்டிய, பல்லவர் ஒரே காலத்தில் ஓடுவார்கள், இடம் பற்றாது.

கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1; நடுவில் சுழியாம் ஆண்டு கிடையாது. கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ரோமை ஆண்ட அகஸ்டஸின் ஆட்சி 41 ஆண்டு அல்ல, 40தான்.

கணினியில் செய்பவர்களுக்கு: எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. ஆண்டை வெறும் எண்ணாக ஒரு கட்டத்திலும், மாதத்தையும் நாளையும் வேறு கட்டங்களிலும் போடுங்கள். ஆனாலும் தொடக்கத்தில் பென்சிலும் தாளுமே சிறந்தது என்பேன். திரையில் ஒரே பார்வையில் 92 செ.மீ. தெரியாது.

2. முதலில் அரசுகள், பிறகு நிகழ்ச்சிகள்

போர்த் தேதிகளிலிருந்து தொடங்காதீர்கள். அரசுகளைப் பட்டைகளாக வரையுங்கள்: சீனாவின் சொங் 960–1279, கம்போடியாவின் அங்கோர் 802–1431, விஜயநகரம் 1336–1646. தொடக்கமோ முடிவோ உறுதியில்லை என்றால் பட்டையின் அந்த முனையைப் புள்ளிக்கோடாக விடுங்கள். விஜயநகரம் 1336இல் துங்கபத்திரைக் கரையில் தொடங்கியது. அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. ஆகவே தக்காணப் பத்தியில் 1336இல் தொடங்கும் பட்டை, தமிழகப் பத்தியில் பல பத்தாண்டுகள் கழித்தே தொடங்க வேண்டும்.

3. கல்வெட்டு ஆண்டைக் கி.பி.க்கு மாற்றுவது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

சகாப்தம் (சக ஆண்டு): சித்திரை முதல் டிசம்பர் முடிய 78 கூட்டுங்கள், ஜனவரி முதல் பங்குனி முடிய 79.
கலியாண்டு: 3101 கழியுங்கள், ஜனவரி முதல் பங்குனி வரையானால் 3100.
கொல்லம் ஆண்டு (நெல்லை, குமரிப் பக்கம் நிறைய வரும்): ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், பிறகு ஆடி முடிய 825.

சரிபார்க்க நல்ல எடுத்துக்காட்டு, இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெ கல்வெட்டு. அதில் சகம் 556, கலி 3735 என இரண்டு கணக்கும் உண்டு. 556 + 78 = 634. 3735 − 3101 = 634. இரண்டும் ஒத்துப்போகின்றன.

பிற்காலக் கல்வெட்டுகளில் "சகாப்தம் 1431 இதன்மேல் செல்லாநின்ற சுக்கில வருஷம்" என்ற பாணியைப் பார்ப்பீர்கள். சக எண் முடிந்துபோன ஆண்டு. பெயர் நடப்பு ஆண்டு. கூட்டினால் 1509. அத்துடன் 54 சேர்த்து 60ஆல் வகுங்கள்: 1563, மீதி 3. பிரபவ, விபவ, சுக்கில. மூன்றாவது பெயர் சுக்கிலதான், கணக்கு சரி. சக எண் இல்லாமல் வருடப் பெயர் மட்டும் இருந்தால் ஆண்டை முடிவு செய்யாதீர்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்.

சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஆட்சியாண்டுதான், அதாவது மன்னன் பதவியேற்றதிலிருந்து எத்தனையாவது ஆண்டு என்பதுதான், இருக்கும். பதவியேற்ற ஆண்டு + ஆட்சியாண்டு − 1 என்பதே சூத்திரம். அந்த ஒன்றைக் கழிக்க மறப்பதே வழக்கமான பிழை. ராஜராஜன் தன் 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்தான். அவன் பதவியேற்றது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே. 985 + 25 − 1 = 1009. அந்த ஆட்சியாண்டு 1009 கோடையில் தொடங்கி 1010 கோடையில் முடியும். 275ஆம் நாள் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவே விழும். 985 + 25 என்று போட்டாலும் 1010 வரும், ஆனால் அது தற்செயல். முறை தவறு, அடுத்த கல்வெட்டில் காலை வாரிவிடும்.

இன்னொரு பொறி இளவரசுப் பட்டம். ராஜேந்திரனின் ஆட்சியாண்டுகள் தந்தை இறந்த 1014இலிருந்து அல்ல, இளவரசனாகப் பட்டம் ஏற்ற 1012இலிருந்து எண்ணப்படுகின்றன. 14ஆம் ஆண்டு என்றால் 1025. கடாரப் படையெடுப்பு அங்கேதான் அமர்கிறது. 1014இலிருந்து எண்ணினால் 1027க்குத் தள்ளிப்போகும்.

மாற்றிய ஆண்டுக்குப் பக்கத்தில் மூல ஆண்டையும் சிறிதாக எழுதுங்கள்: "1025 (ராஜே. 14)". இதைத் தவிர்த்தால் பிழையைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

4. பத்திகளைக் கட்டும் முடிச்சுகள்

இரண்டு பத்திகளைத் தொடும் நிகழ்ச்சிகளைச் சிவப்புக் கோட்டால் இணையுங்கள். அசோகரின் 13ஆம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியரைச் சொல்கிறது. ஐந்து கிரேக்க மன்னர்களையும் பெயர் சொல்கிறது. அவர்கள் காலம் தெரிவதால்தான் அசோகரின் காலமே உறுதியாகிறது. சோழத் தூதர்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சொங் அரசவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இப்படிப் பத்து முடிச்சுகள் இருந்தால் போதும், தாள் முழுதும் ஒன்றாகப் பேசும்.

5. இன்றைய நாடுகள்

"நாடு பிறந்த ஆண்டு" என்று ஒரே எண் போடாதீர்கள். விடுதலை, குடியரசு, எல்லை மாற்றம் மூன்றுக்கும் மூன்று குறிகள் வையுங்கள். இலங்கை: 1948 விடுதலை, 1972 குடியரசு. மலாயா 1957, மலேசியா 1963, சிங்கப்பூர் பிரிந்தது 1965. இந்தோனேசியா 1945இல் அறிவித்தது. டச்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தது 1949 டிசம்பரில். புதுச்சேரி 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்ட இரண்டு: ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டை எப்படி மாற்றுவது, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணங்களின் தேதியை எப்படிப் படிப்பது?

ஹிஜ்ரி ஆண்டுக்கு ஒரே எண்ணைக் கூட்ட முடியாது, ஏனெனில் அது 354 நாள் ஆண்டு. 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்கு வந்த ஹிஜ்ரி 710க்கு 1310.7 வரும், உண்மையில் 1311 ஏப்ரல். ஓராண்டு முன்பின் இருக்கலாம், பட்டைக்கு இது போதும்.

கும்பினி ஆவணங்களில் 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. சென்னைக் கோட்டைக் கடிதத்தில் "1690 பிப்ரவரி" என்றிருந்தால் அது நம் கணக்கில் 1691. அதே கடற்கரையில் நாகப்பட்டினத்து டச்சுக்காரர் புது நாட்காட்டி (இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன்) வைத்திருந்ததால், 17ஆம் நூற்றாண்டில் இரு தரப்புக் கடிதங்களுக்கும் 10 நாள் வித்தியாசம். ஆங்கிலேயரின் தேதியோடு அந்த 10 நாளைக் கூட்டிய பிறகே இரண்டையும் ஒப்பிடுங்கள்.