முகத்தில் விழுந்த பட்டைகள்

கச்சேரியில் கேமரா சத்தம் கேட்கக்கூடாதே என்று சைலன்ட் ஷட்டரில், அதாவது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், படம் எடுத்தேன். வந்து பார்த்தால் பாடகியின் முகத்தில் வரிவரியாக இருட்டுப் பட்டைகள்! முதலில் லென்ஸைச் சந்தேகப்பட்டேன், பாவம் அது.

குற்றவாளி எல்இடி விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடித்தது. எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிசைகள் இருண்டுவிட்டன. அடுத்த கச்சேரியில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/500 நொடியிலிருந்து, விளக்கின் ஒரு முழுத் துடிப்பு நேரமான 1/100 நொடிக்கு இறக்கினேன். பட்டை போயிற்று.

உள்ளரங்க விளையாட்டில் 1/100 உதவாது, ஓடுகிறவரின் உருவம் படத்தில் கலங்கிப்போகும். அங்கே கேமராவின் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதிதான்: விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து ஷட்டர் திறக்கும். தொடர்படங்களின் வேகம் கொஞ்சம் குறையும், சரி, பரவாயில்லை.

கல்யாண வேலைக்குப் போனாலும் இப்போது முதல் படம் வெள்ளைச் சுவர்தான், பட்டை விழுகிறதா என்று பார்க்க.