தளம் மூன்று, மொட்டைமாடி ஒன்று: வீட்டுத் தண்ணீர்க் கணக்கு போடுவது எப்படி?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 2001-ல் 9.74 லட்சம், 2011-ல் 12.48 லட்சம். கூடிய ஆட்களுக்கு இடம் வேண்டுமே, அதனால் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கமெல்லாம் பழைய தரைவீடு இடிந்து அதே மனையில் மூன்று தளம் எழும்புகிறது. ஆள் மூன்று மடங்கு, மழை விழும் மொட்டைமாடி மட்டும் அதே அளவு.

சரி, உங்கள் வீட்டுக்குக் கணக்கு போடுங்கள். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. பதினைந்து பேர் என்றால் வருஷத்துக்குச் சுமார் 7.4 லட்சம் லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 1,300 மி.மீ. மழை பெய்தால் 1.2 லட்சம் லிட்டர் விழும், வீணானது போக ஒரு லட்சம் தேறும். மிச்சத்துக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) தான் என்றால், நம் ஊரில் அது ஆபத்து. கடலோர மணலில் நன்னீர் உப்புநீர் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்புநீர் கிட்டத்தட்ட 40 மீட்டர் ஏறிவரும், ஒருமுறை ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

அதனால் அந்த ஒரு லட்சத்தை விடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பே மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். குழாயில் ஒரு வால்வு வைத்து முதல் மழைத் தண்ணீரை வெளியே விடுங்கள், அதில்தான் தூசியும் காக்கை எச்சமும் வரும். அப்புறம் வரும் தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் இறங்க மூன்றடி அகலம், ஆறடி ஆழத்தில் குழி: அடியில் பெரிய கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே பருமணல். செப்டிக் டேங்கிலிருந்து எட்டத் தள்ளித் தோண்டுங்கள். வடிகட்டாமல் நேராக போருக்குள் விடவே கூடாது, யார் சொன்னாலும் சரி. மேல்மணலை வருஷா வருஷம் அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது போட்ட குழிகளில் பல இப்படித்தான் வெறும் குழாயாக நிற்கின்றன.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, தை மாதமும் வைகாசியிலும் போர்த் தண்ணீரை அளந்து மோட்டார் ரூம் சுவரில் தேதியோடு எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000. வருஷா வருஷம் எண் ஏறினால் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் காட்டுங்கள், ஏனென்றால் உறிஞ்சுவது எல்லாரும் ஒரே நிலத்தடியைத்தான்.