காலி-பீலிக்கு டேப்பும் கிளியரும்: மும்பை ஈரத்தில் மாடல் கார் பெயின்ட்

கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் எதையும் மறைக்காது. டேப் ஓரத்தில் கசிந்த நிறம், துடைக்காமல் விட்ட தூசி, பிரைமரில் (அடிப்பூச்சில்) இருந்த கீறல் எல்லாம் அதற்குக் கீழே இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் ‘கடைசியில் கிளியர் அடித்தால் சரியாகிவிடும்’ என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நேரத்தைச் செலவழிக்க வேண்டியது டேப்பில், அப்புறம் காத்திருப்பதில்.

உதாரணத்துக்கு மும்பையின் காலி-பீலி (இந்தியில் கறுப்பு-மஞ்சள்) டாக்ஸியையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன, ஆனால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வளர்ந்தவர்களுக்கு அதில் ஒன்றைச் சின்னதாகச் செய்து அலமாரியில் வைக்கும் ஆசை போகாது. இரண்டே நிறம், அவை சேரும் இடம் ஒரே கோடு, டேப் வேலை பழக இதைவிட நல்ல வண்டி இல்லை. பிளாஸ்டிக் உடம்பு, 1/24 அளவு என்று வைத்துச் சொல்கிறேன். டைகாஸ்ட், அதாவது வார்ப்பு உலோக உடம்பு என்றாலும் முறை இதுதான், பிரைமர் மட்டும் உலோகத்தில் பிடிப்பதாக இருக்க வேண்டும்.

மஞ்சள் முதலில், கறுப்பு பிறகு. மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. கறுப்பின் மேல் அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் பச்சை தட்டும். வெள்ளை பிரைமர் போட்டு, அதன் மேல் மெல்லிய கோட்டுகளாக மஞ்சளை ஏற்றி, ஒரு முழு நாளாவது விடுங்கள், மழைக்காலமானால் இரண்டு நாள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

இனி மஞ்சள் கூரையில் கறுப்பு படாமல் மறைக்கும் டேப். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தடித்த மாஸ்கிங் டேப் சுவருக்கு நல்லது, இந்த அளவு மாடலுக்கு ஆகாது. அதன் ஓரம் சொரசொரப்பு, பசையும் அதிகம். மாடல்களுக்கென்றே வரும் தமியா டேப் 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் வருகிறது, ஓரத்துக்கு அதை மட்டும் பயன்படுத்துங்கள், விலை கையைக் கடித்தாலும் ஒரு உருளை பல வண்டிகளுக்கு வரும். உருளையின் பக்கவாட்டில் தூசியும் முடியும் ஒட்டியிருக்கும் என்பதால் எடுத்ததை அப்படியே ஒட்ட வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஓரத்தை வெட்டி எடுத்தால் கோடு கூர்மையாக வரும். கூரைத் தூண்கள் வளையும் இடத்தில் அகல டேப்பை இழுத்து வளைக்கப் பார்த்தால் அது மடிந்து கசியவிடும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் கீற்றாக வெட்டி ஒட்டுங்கள், அல்லது வளைவுக்கென்றே வரும் வினைல் டேப்பை எடுங்கள். ஒட்டியபின் பல்குச்சியின் மழுங்கிய முனையால் ஓரம் முழுவதும் அழுத்திக்கொண்டே போங்கள், கதவு இடுக்கும் கூரையோரமும் சந்திக்கும் இடத்தில் இரண்டு தடவை. கசிவு எப்போதும் இடுக்கு வழியாகத்தான் வரும்.

மிச்ச இடத்துக்கு விலை கூடிய டேப் எதற்கு? பிளம்பர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்போ பிளாஸ்டிக் கவரோ போதும். ஜன்னல் ஓட்டைகளை உள்பக்கத்திலிருந்து அடைக்க மறக்காதீர்கள், ஸ்ப்ரே உள்ளே புகுந்து கூரையின் அடியில் படியும். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், தின்னர் ஊறி மை மஞ்சளில் இறங்கும்.

கறுப்பை எடுப்பதற்கு முன் டேப் ஓரத்தில் அதே மஞ்சளை இன்னொரு முறை லேசாக அடியுங்கள். கசிவதற்கு இடுக்கு இருந்தால் மஞ்சளே போய் அதை அடைத்துக்கொள்ளும், மஞ்சளில் மஞ்சள் கசிந்தால் யாருக்குத் தெரியும்? அது காய்ந்தபின் கறுப்பு, ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி) என்றால் காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. டேப் பக்கமிருந்து கறுப்பு வரவேண்டிய பக்கமாக அடியுங்கள், டேப்பின் வாயை நோக்கி அடித்தால் காற்றே வண்ணத்தை உள்ளே தள்ளிவிடும். கடைசிக் கோட் போட்டுக் கொஞ்ச நேரத்தில், முழுக்க இறுகுவதற்கு முன், டேப்பை அதன் மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். நேரே மேலே பிடுங்கினால் ஓரம் பிய்ந்து வரும்.

டேப் எடுத்த இடத்தில் நகம் தட்டுகிற மாதிரி ஒரு படி இருக்கும். இதை மேலே கிளியர் கொட்டி நிரப்பப் பார்ப்பது வீண். இரண்டு கோட் கிளியர் போட்டு, நன்றாகக் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அந்தக் கோட்டை மட்டும் ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, அதற்குப் பிறகு மறுபடியும் கிளியர் போட்டால் படி காணாமல் போகும்.

மும்பையில் லாக்கர், அதாவது தின்னர் ஆவியாகி வேகமாகக் காயும் பெயின்ட், அடிப்பவர்களின் பெரிய தலைவலி ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது, பளபளப்பாக வரவேண்டிய கறுப்பு சாம்பல் பூத்துப் போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இது சாதாரணம். ஒரு சின்ன ஈரமானி வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 75ஐத் தாண்டினால் நான் கிளியரைத் திறப்பதே இல்லை. மழைக்காலத்தில்கூட வெயில் எட்டிப் பார்க்கிற மதியத்தில் ஈரம் குறையும், காலையிலும் ராத்திரியிலும் ஏறிவிடும். கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது, குழாயில் சேர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு துப்பினால் கிளியரில் கண் மாதிரி குழி விழுந்துவிடும். மிஸ்டர் ஹாபி கம்பெனியின் லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதிக்கும் மருந்து கலந்திருக்கிறது, இந்த ஊருக்கு அதுதான் பொருத்தம். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? பதறித் தேய்க்க வேண்டாம். ஈரம் குறைந்த நாளில் அதே தின்னரை மட்டும் பனி போல ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஈரம் தொல்லை இல்லை, ஆனால் தூசி.

எந்த கிளியர்? ஸ்ப்ரே கேன் என்றால் தமியா டிஎஸ்-13, ஏர்பிரஷ் என்றால் மிஸ்டர் கலர் சூப்பர் கிளியர். மரச்சாமானுக்கு அடிக்கும் என்சி லாக்கரும் அதன் தின்னரும் மலிவு, ஆனால் பிளாஸ்டிக்கைக் கடித்து நுண்விரிசல் விழவைக்கும், நாளாக ஆக மஞ்சளிக்கவும் செய்யும். கார் பட்டறையில் ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் டூ-கே கிளியரின் பளபளப்புக்கு ஈடில்லைதான். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், பால்கனியும் துணி மாஸ்க்கும் அதற்குப் பாதுகாப்பு அல்ல. சாதாரண லாக்கருக்கே ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், என்95 தூசியைத் தடுக்குமே தவிர தின்னர் ஆவியைத் தடுக்காது. சாமி விளக்கு எரியும்போதும் அடுப்பு எரியும்போதும் அந்த வீட்டுக்குள் ஸ்ப்ரே கூடவே கூடாது.

முதல் இரண்டு கோட் தூறல் மாதிரி. நம்பர் பிளேட், மீட்டர் எழுத்து என்று டீகால் (மாடலில் ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டியிருந்தால் இது கட்டாயம், டிஎஸ்-13 எடுத்தவுடன் ஈரமாக விழுந்தால் டீகால் சுருங்கிப்போகும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விட்டு, அதன்பின் பரப்பு நனைகிற மாதிரி இரண்டு மூன்று கோட். அடித்த கையோடு ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், சீலிங் ஃபேனை நிறுத்துங்கள்.

ஒரு வாரம் தொடாதீர்கள். அப்புறம் 3000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு. போனட் விளிம்பு, கூரை மடிப்பு போன்ற மேடான இடங்களில் கிளியர் மெல்லியதாக இருக்கும், ஒரே தேய்ப்பில் நிறம் வெளியே வந்துவிடும், அதனால் அங்கெல்லாம் மெல்லிய டேப் கீற்று ஒட்டிவிட்டுத் தேயுங்கள். பிறகு பாலிஷ் போடும் பசையான காம்பவுண்ட், முதலில் ஃபைன், அதன்பின் ஃபினிஷ். இடுக்கில் தங்கும் வெள்ளைப் பசையை மெத்தென்ற பிரஷ்ஷால் கழுவி எடுங்கள், கறுப்பு வண்டியில் அது பல்லிளிக்கும்.

குரோம் பட்டைகளையும் ஜன்னல் ரப்பரின் கறுப்பையும் பாலிஷ் முடிந்தபின் செய்யுங்கள், குரோமின் மேல் கிளியர் பட்டால் அதன் மினுக்கம் செத்துவிடும். கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.