கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே போனதும்: ஃபால் சீசனுக்கு வாசலை அலங்கரிப்பது எப்படி?

நியூஜெர்சியில் ராத்திரிக் குளிர் ஃபாரன்ஹீட் கணக்கில் 50 டிகிரிக்குக் கீழே, அதாவது நம்ம செல்சியஸில் 10க்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியும் மல்லிகைத் தொட்டியும் வீட்டுக்குள் வந்துவிடும். போர்ச்சில் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு அழுக்குத் தடம்தான் மிச்சம். ஃபால், அதாவது இலையுதிர்கால அலங்காரம் எங்கள் வீட்டில் அந்தத் தடத்தை மறைக்கத்தான் ஆரம்பித்தது.

முதல் வருஷம் ஆர்வக்கோளாறில் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே லீவிலேயே எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். வெயில் இன்னும் தணிந்திருக்கவில்லை. அக்டோபர் பாதியில் பூசணி அடியில் அழுகி படியெல்லாம் வழிந்தது, பூக்கள் காய்ந்து துடைப்பம் மாதிரி நின்றன. ஹாலோவீன் பண்டிகைக்கு வாசல் காலி. அதனால் என்ன வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன்.

முதல் வேலை: காலி செய்து, பெருக்கி, அளந்து கொள்ளுங்கள்

செப்டம்பர் மூன்றாவது வாரம் இதற்குச் சரி. கோடைகாலச் செருப்பு, காய்ந்த செடி, பிள்ளைகளின் ஸ்கூட்டர் எல்லாம் உள்ளே போகட்டும். கதவுச் சட்டத்தின் மேல்மூலையில் இருக்கும் ஒட்டடையை அடித்துவிடுங்கள். பிறகு டேப் எடுத்து அளவு பாருங்கள். இங்கே முன்கதவு பெரும்பாலும் 36 அங்குல அகலம். படியிலிருந்து கதவு வரை அந்த அகலத்துக்கு நடைபாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பார்சல் போடுகிறவர் பூசணி தடுக்கி விழக்கூடாது இல்லையா? குடியிருப்போர் அசோசியேஷன் உள்ள டவுன்ஹவுஸ் என்றால், வெளியே என்ன வைக்கலாம் என்ற விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பின்னணி: உயரமானது முதலில்

கதவுக்கு ஒரு பக்கம் ஒரு வைக்கோல் கட்டு, போர்ச் தூணில் ஒரு கட்டு சோளத்தட்டை. ஆரம்பத்துக்கு இது போதும். தட்டையைச் சணல் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் முதல் காற்றுக்கே சாய்ந்துவிடும். வைக்கோல் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்குப் போடும் உலர்புல் கட்டு பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் விதை அதிகம், மழை பட்டால் முளைக்கும், எலியும் தேடி வரும்.

செவ்வந்தி: இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது

இங்கே இதை மம்ஸ் என்பார்கள். நம்ம ஊர் செவ்வந்தியின் சொந்தக்காரப் பூதான். இரவு நீள நீளத்தான் இது மொட்டு விடும், அதனால்தான் ஃபாலில் கடை வாசலெல்லாம் குவிந்து கிடக்கிறது. முழுக்கப் பூத்த தொட்டி கண்ணை இழுக்கும். எடுக்காதீர்கள். மொட்டில் லேசாக நிறம் எட்டிப் பார்க்கிறதே, அந்தத் தொட்டியை எடுங்கள். பூத்தது சீக்கிரம் வாடிவிடும், மொட்டாக வந்தது பல வாரம் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைச் சுற்றியுள்ள பளபளப்புத் தாளைக் கழற்றுங்கள். அது இருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். வேறு தொட்டிக்கு மாற்றி நடத் தேவையில்லை, பிளாஸ்டிக் தொட்டியோடு ஒரு பெரிய கூடைக்குள் இறக்கி வைத்தாலே அழகாக இருக்கும்.

தண்ணீர் ஊற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கையால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமில்லாமல் வந்தால் ஊற்ற வேண்டும். பூமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். இரண்டு நாள் மறந்து செடி தலை தொங்கிவிட்டால் பதற வேண்டாம். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அரைமணி நேரம் முக்கி வையுங்கள். சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

பூசணி: அக்டோபர் வரை பொறுங்கள்

பெரிதாக இரண்டு, சின்னதாக மூன்று. ஒரே நிறத்தில் ஐந்து வைப்பதைவிட ஒன்று வெள்ளை, ஒன்று கரும்பச்சை என்று கலந்தால் பார்வையாக இருக்கும். வாங்கும்போது நகத்தால் தோலை லேசாக அழுத்துங்கள், நகம் இறங்கக் கூடாது. திருப்பி அடிப்பக்கம் மெத்தென்று இருக்கிறதா பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு உடைந்த இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும்.

ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு வையுங்கள். நேராகச் சிமென்ட்டிலோ நனைந்த வைக்கோலிலோ உட்கார வைக்காமல் அடியில் ஒரு சின்னப் பலகைத் துண்டு கொடுங்கள். முகம் செதுக்குவதாக இருந்தால் ஹாலோவீனுக்கு, அதாவது அக்டோபர் 31க்கு, இரண்டு மூன்று நாள் முன்னால் போதும். செதுக்கியது ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. முழுதாக இருப்பது நவம்பர் நான்காவது வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைகூட வரும். அணில் வந்து கடிக்கும். மிளகாய்ப்பொடி தூவிப் பார்த்தேன், அடுத்த மழையோடு போயிற்று.

ஒரு ஃபாலில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். படியில் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இத்தனை பூசணிக்காயை வாசல்ல வச்சிருக்கியே, எதை உடைக்கப் போறே?" என்றாள். "இது திருஷ்டிப் பூசணி இல்லம்மா, பரங்கிக்காய்" என்றேன். "அப்ப கூட்டு பண்ண வேண்டியதுதானே?" அதுவும் சரிதான். சின்னப் பரங்கியாக, பெயின்ட் அடிக்காமல், பனியில் உறையாமல் இருந்தால் பிறகு பால் கூட்டே வைக்கலாம். செதுக்குவதற்கென்று விற்கும் பெரியது வேண்டாம், தண்ணீராகத்தான் இருக்கும்.

கதவு வளையம்

36 அங்குலக் கதவுக்கு 22 முதல் 24 அங்குல வளையம் பொருந்தும். திராட்சைக் கொடியில் பின்னிய வெறும் வளையம் கைவினைக் கடையில் கிடைக்கும். அதில் முழுக்க ஒட்டாமல் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் துணியில் செய்த மேப்பிள் இலை, கோதுமைக் கதிர் வைத்துக் கட்டுங்கள். பசையைவிடக் கம்பி நல்லது. கதவுக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு இருக்கிற வீடு என்றால் கட்டாயம் கம்பிதான். வெயில் அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் அடுப்பு மாதிரி சூடேறும், பசை இளகி இலை ஒவ்வொன்றாகக் கீழே விழும். வீதியோரம் ஆரஞ்சுக் காயோடு படர்ந்திருக்கும் ஆசியக் கொடியை ஒடித்து வந்து சொருகாதீர்கள். அதன் விதை விழுந்த இடமெல்லாம் பரவி மரங்களை நெரிக்கும்.

வெளிச்சமும் கோலமும்

வைக்கோல் பக்கத்தில் நிஜ மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். பேட்டரி விளக்கு போதும். நவராத்திரியும் பெரும்பாலும் இதே சமயத்தில்தான் வரும். சுண்டலுக்கு வருகிறவர்களுக்காக நான் நடைபாதையில் சின்னதாகக் கோலம் போடுவேன், சாக்பீஸால். மாவில் போட்ட வருஷம் அணிலுக்கு விருந்தாயிற்று.

உதிர்ந்த இலை அழகுதான், ஆனால் படியில் நனைந்து கிடந்தால் வழுக்கும். தினமும் பெருக்கிவிடுங்கள்.

கடும் பனி எச்சரிக்கை வந்தால் அன்று ராத்திரி செவ்வந்தியைப் பழைய பெட்ஷீட்டால் மூடுங்கள், பூசணிகளை கராஜுக்குள் வையுங்கள். உறைந்து இளகிய பூசணி கூழாகிவிடும். நவம்பர் 1 அன்று செதுக்கியது உரக்குழிக்குப் போகட்டும். தேங்க்ஸ்கிவிங் முடிந்ததும் வைக்கோலைப் பிரித்துப் பூண்டுப் பாத்தி மேல் பரப்புவேன். வளையம் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். தொட்டி இருந்த வட்டத் தடம் மறுபடி தெரியும், டிசம்பரில் அதைப் பனி மூடிவிடும்.