‘வாஷ்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் எத்தனை சொல்? தமிழ் வழியாகக் கற்றுக்கொள்ளும் முறை

ஆங்கில அகராதியில் ‘வாஷ்’ என்று தேடினால் முதல் பொருளாகக் ‘கழுவு’ என்று இருக்கும். ஆனால் நம் வீட்டில் யாரும் துணியைக் கழுவுவதில்லை, துவைக்கிறோம். அரிசியைத் துவைப்பதில்லை, களைகிறோம். பாத்திரம் விளக்குகிறோம், தலைக்குக் குளிக்கிறோம். ஆங்கிலக்காரருக்கு இத்தனைக்கும் ‘வாஷ்’ ஒன்றே போதும். தாய்லாந்து மொழி இந்த விஷயத்தில் நம் கட்சி.

பாங்காக்குக்கு வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ‘வாஷ் என்றால் லாங்’ என்று எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தேன். தெருமுனையில் இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போய் “லாங் ப்ஹொம்” என்றேன். ப்ஹொம் என்றால் முடி. கடைக்கார அக்கா மூலையில் கிடந்த மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் காட்டி “லாங்” என்றார். பிறகு என் தலையில் கை வைத்து “ஸ” என்றார். இரண்டு முறை சொல்லிக் காட்டி, என்னையும் சொல்ல வைத்த பிறகுதான் குழாயைத் திறந்தார். அன்று இரவே நோட்டில் ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டுத் தமிழ்ப் பத்தி போட்டேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வாயைப் பழக்குங்கள்

‘லாங்’ என்பதில் கடைசி ஒலி ‘அங்ஙனம்’ என்ற சொல்லில் வருகிற ங். அதோடு நிறுத்த வேண்டும். பின்னால் ‘க்’ ஒட்டக் கூடாது. துணி துவைப்பதற்கான சொல் ‘ஸக்’. அதில் ‘க்’ தொண்டையிலேயே நின்றுவிடும். நமக்கு ‘ஸக்கு’ என்று ஓர் உகரம் சேர்க்கத் தோன்றும், அதை அடக்குங்கள். லாங், ஸக் இரண்டுக்கும் குரலை உயர்த்த வேண்டும். ‘ஸ’ தாழ்ந்த குரலில், குறிலாக, சட்டென்று வெட்டி முடியும்.

‘ப்ஹ’ என்று நான் எழுதும் இடங்களில் பகரத்தோடு காற்றும் வரவேண்டும். அது ‘ஃப’ அல்ல. ‘ச்ச’ என்று எழுதினால் ‘பச்சை’யில் வருகிற சகரம்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. ‘கை’க்குத் தாய்லாந்துச் சொல் மூ. ஆனால் ‘மூக்கு’ என்பதில் வருவதுபோல உதட்டைக் குவிக்கக் கூடாது. ‘பாட்டு’, ‘வந்து’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை நீட்டினால் அதுதான் ஒலி. மற்றவர்கள் மாதக்கணக்கில் போராடும் உயிரெழுத்து நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

படி 2: மூன்று தூண்கள்

லாங் என்பது நம் ‘கழுவு’. லாங் மூ என்றால் கை கழுவு, லாங் நா என்றால் முகம் கழுவு, லாங் ரொத் என்றால் வண்டி கழுவு, லாங் ப்ஹக் என்றால் காய்கறி கழுவு. பாத்திரத்துக்கு நாம் விளக்கு, தேய், துலக்கு என்று ஊருக்கு ஒன்று வைத்திருக்கிறோம்; அங்கே அதற்கும் லாங்தான், லாங் ச்சான். ஏசி சர்வீஸ் செய்வதுகூட ‘லாங் ஏ’. பாங்காக் சுவர்களிலும் கம்பங்களிலும் இந்த விளம்பரத்தை நிறையப் பார்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘லாங் ரூப்’. ஃபிலிம் ரோல் காலத்தில் “போட்டோ கழுவக் கொடுத்திருக்கேன்” என்று சொல்வோமே, அதேதான். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு ‘வாஷ்’ என்று சொல்வதில்லை.

ஸக் என்பது ‘துவை’. துணிக்கு மட்டும். துணி என்றால் ப்ஹா, ஆகவே ஸக் ப்ஹா. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழே வரிசையாகக் காசு போடும் துவைக்கும் இயந்திரங்கள் நிற்கும். வாஷிங் மெஷினுக்குப் பெயர் க்ரூவங் ஸக் ப்ஹா. துவைத்துத் தேய்த்துத் தரும் கடை ‘ரான் ஸக் ரீத்’. துணி சோப்புத்தூளை ‘ஃபேப்’ என்பார்கள். அது ஒரு பிராண்டின் பெயர். எந்தத் தூளானாலும் நம்மூரில் ‘சர்ஃப்’ என்று கேட்டு வாங்குவது மாதிரி.

ஸ என்பது தலைமுடிக்கு மட்டும். ஸ ப்ஹொம் என்றால் தலைக்குக் குளிப்பது. வெறுமனே குளிப்பது ‘ஆப் நாம்’. “இன்னிக்குத் தலைக்குக் குளிச்சியா, மேலுக்கு மட்டுமா?” என்று அம்மா கேட்பாரே, அந்தக் கேள்வியை இந்த இரண்டு சொல்லால் அப்படியே கேட்கலாம். எழுதப் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த ‘ஸ’வின் எழுத்துக்கூட்டல்தான் ‘குளம்’ என்ற சொல்லுக்கும். அது சமஸ்கிருத ‘சரஸ்’ வழி வந்தது. அதே எழுத்துகளை ‘ஸர’ என்று இரண்டு அசையாகப் படித்தால் உயிரெழுத்து என்று பொருள். அது ‘ஸ்வர’ வழி வந்தது. நீச்சல்குளத்துப் பலகையைப் பார்த்து முடி அலசும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 3: சிறிய சொற்கள்

அரிசி களைவது ஸாவ் க்ஹாவ். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச் சொல் இல்லை. நம்மிடம் ‘களை’, அவர்களிடம் ‘ஸாவ்’. சோறு இரண்டு ஊருக்கும் எவ்வளவு முக்கியம் என்று இந்த ஒரு வினைச்சொல்லே காட்டிவிடுகிறது. பல் துலக்க ப்ரேங் ஃபன், வாய் கொப்பளிக்க புவன் பாக். ‘வாஷ்ரூம்’ எங்கே என்று கேட்க ‘ஹொங் நாம்’ போதும். நீர் அறை என்பதே அதன் நேர்ப்பொருள்.

படி 4: வாக்கியம் அமைத்துப் பாருங்கள்

தாய்லாந்து வினைச்சொல்லுக்கு விகுதி கிடையாது. துவைத்தேன், துவைத்தாள், துவைப்பார்கள் எல்லாமே ஸக்தான். காலத்தைக் காட்டப் பக்கத்தில் ஒரு சொல் வைத்தால் போதும்.

கம்லங் லாங் ச்சான்: பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.
ச்ச ஸ ப்ஹொம்: தலைக்குக் குளிக்கப் போகிறேன்.
ஸக் ப்ஹா லேவ்: துணி துவைத்தாயிற்று.

இப்போது கேள்வி. “ஸக் ப்ஹா ரூ யங்?” என்றால் துணி துவைச்சாச்சா என்று அர்த்தம். பதிலுக்கு ‘ஆமாம்’ தேடாதீர்கள். “ஸக் லேவ்”, அதாவது “துவைச்சாச்சு” என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் “யங்”, ‘இன்னும் இல்லை’. “சாப்டாச்சா?” “சாப்டாச்சு” என்று பேசிப் பழகிய வாய்க்கு இது ஒரு நாள் வேலை.

படி 5: தண்ணீர் இல்லாத ‘வாஷ்’

இங்கே தமிழையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மூளைச்சலவைக்கு ‘லாங் ஸமொங்’, அதாவது மூளையைக் கழுவுதல். சலவை என்கிறோமே என்று ஸக் போட்டால் தவறு. கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதற்கு லாங்கும் இல்லை, ஸக்கும் இல்லை, ‘ஃபொக் ங்கொன்’. ஃபொக் என்றால் சோப்புப் போட்டு வெளுப்பது, தோல் பதனிடுவது. சிறுநீரக நோயாளிக்குச் செய்யும் டயாலிசிஸும் ‘ஃபொக் தை’தான். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

கிறிஸ்தவத் திருமுழுக்கு ‘லாங் பாப்’. பாப் என்பது நம் ‘பாவம்’தான், பாலி மொழி வழியாகப் போனது. நீதிமன்றத்தில் சாட்சியைத் துருவித் துருவிக் கேட்பதற்கு ஸக் என்பார்கள். நாம் ஒருவரைத் ‘துவைத்து எடுத்தான்’ என்றால் அடி உதை. அங்கே கேள்வி மட்டும்தான்.

வெள்ளம் வீட்டை ‘வாஷ்’ செய்தது, அலை சிப்பியைக் கரையில் ‘வாஷ்’ செய்தது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாம் ‘அடித்துக்கொண்டு போனது’, ‘கரை ஒதுங்கியது’ என்கிறோம். அவர்களும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்: வெள்ளத்துக்கு ‘ப்ஹத்’, அலைக்கு ‘ஸத்’.

படி 6: பெரியவர்களுக்கு வேறு சொல்

புத்தர் சிலைக்கோ துறவிக்கோ அரச குடும்பத்தாருக்கோ ஆப் நாம் என்று சொல்லக் கூடாது. ‘ஸொங்’ என்ற மரியாதைச் சொல் உண்டு, நாம் சுவாமிக்குத் திருமஞ்சனம் என்பது போல. ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரானில் இந்தச் சொல் எங்கும் காதில் விழும். 2023-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த விழா அது. பெயர் ‘சங்கிராந்தி’யிலிருந்து வந்தது, நம் சித்திரை முதல் நாளும் அந்த நாட்களில்தான் வருகிறது. பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ப்ஹ்ரா புத்த ஸிஹிங் சிலையை அப்போது வெளியே கொண்டுவருவார்கள், மக்கள் நீர் ஊற்றி வணங்குவார்கள்.

அதே நாட்களில் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்கையில் நறுமண நீர் ஊற்றி ஆசி வாங்குவதற்குப் பெயர் ‘ரொத் நாம் தம் ஹுவா’. இதில் ‘தம் ஹுவா’ வடக்கே சியாங் மாய்ப் பக்கத்துச் சொல். தலைமுடி அலசுவது என்று பொருள். அங்கே அந்த நீரில் மஞ்சளும் ‘ஸொம் பொய்’ என்ற காய்ந்த காயும் போடுவார்கள். காயை லேசாகச் சுட்டு நீரில் ஊறவிடுவார்கள். ஏப்ரலில் சியாங் மாய்ச் சந்தைக்குப் போனால் அந்தக் காயை ஒன்று எடுத்து உடைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் பாட்டி தலையில் தேய்த்துவிட்ட அதே சீகைக்காய்.