முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் குனிகார்ன்: ஜாங்கோ தளத்துக்கு ரிவர்ஸ் பிராக்ஸி அமைக்கும் முறை

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் கட்டமைப்பு; அந்தத் தளத்தை ஓட்டும் சர்வர் மென்பொருள் குனிகார்ன். குனிகார்னில் ஜாங்கோ தளம் ஓடத் தொடங்கியதும், அதையே நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். குனிகார்னின் இயல்பான வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். சிக்னல் சரியில்லாத ஃபோனில் ஒருவர் பக்கத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கிறவரை அந்த வொர்க்கருக்கு விடுதலை இல்லை. மூன்று வொர்க்கர் இருக்க, அப்படி மூன்று ஃபோன் வந்தால் தளமே நின்றுவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது இணையத்துக்கும் குனிகார்னுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகராக, முன்னால் இருந்தால் கோரிக்கையை முழுதாக வாங்கிய பிறகுதான் உள்ளே அனுப்பும். பதிலையும் சட்டென்று வாங்கி வைத்துக்கொண்டு வொர்க்கரை விடுவித்துவிடும்.

கீழே உள்ள வழி உபுண்டு சர்வருக்கானது.

முதலில் பின்னால் இருப்பதைச் சோதியுங்கள். சர்வருக்குள் இருந்தபடியே கர்ல் கட்டளையால் 127.0.0.1:8000 முகவரியைக் (இதே சர்வரின் 8000 போர்ட்) கேளுங்கள். 400 (தவறான கோரிக்கை) என்று பதில் வந்தால்கூடக் கவலையில்லை, குனிகார்ன் ஓடுகிறது என்று அர்த்தம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். குனிகார்னை 0.0.0.0 முகவரியில் (வெளியிலிருந்தும் இணைப்பு ஏற்கும்படி) திறந்து வைக்கவும் வேண்டாம். என்ஜின்எக்ஸைத் தாண்டி யார் வேண்டுமானாலும் 8000 போர்ட்டுக்கு நேரே வந்துவிடுவார்கள்.

அடுத்து ஈடிசி ஃபோல்டருக்குள் என்ஜின்எக்ஸ், அதற்குள் சைட்ஸ்-அவைலபிள். அங்கே தளத்தின் பெயரில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். உள்ளடக்கத்தை ஒலிப்பில் தருகிறோம். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், வரி முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

சர்வர் {
லிசன் 80;
சர்வர்_நேம் எடுத்துக்காட்டு.காம்;
லொகேஷன் / {
பிராக்ஸி_பாஸ் ஹெச்டிடிபி://127.0.0.1:8000;
பிராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $பிராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
பிராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ $ஸ்கீம்;
}
}

அந்த மூன்று ஹெடர் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) வரிகளையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்; பாதிப் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. ஹோஸ்ட் வரி இல்லையென்றால் ஜாங்கோவுக்கு உங்கள் தளத்தின் பெயருக்குப் பதில் 127.0.0.1:8000 போய்ச் சேரும். ஜாங்கோ ஏற்கும் தளப் பெயர்களைச் சொல்லும் அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் அந்த முகவரி இல்லாததால் 400 பிழை வரும். இரண்டாவது வரி இல்லையென்றால், வருகிற எல்லாருடைய ஐபியும் 127.0.0.1 என்றே தெரியும். மூன்றாவது, ஹெச்டிடிபிஎஸ் போட்ட பிறகு கழுத்தை நெரிக்கும்: வெளியே பூட்டுக்குறி தெரிந்தாலும் உள்ளே ஜாங்கோ இது சாதாரண ஹெச்டிடிபி என்றே நம்பும். ஹெச்டிடிபியில் வருகிறவர்களை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் எஸ்எஸ்எல் ரீடைரக்டை ஜாங்கோவில் இயக்கியிருந்தால் பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றி வரும், ஜாங்கோ 4.0 முதல் ஃபார்ம் அனுப்பும்போது 403 சிஎஸ்ஆர்எஃப் பிழையும் (போலி ஃபார்ம்களைத் தடுக்கும் பாதுகாப்பின் மறுப்பு) வரும்.

கோப்பைச் சேமித்ததும் சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் அதற்கு ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள், முழுப் பாதையும் கொடுத்து. பிறகு என்ஜின்எக்ஸ் கட்டளையை 'ஹைஃபன் டி' சேர்த்து ஓட்டுங்கள். விட்டுப்போன அரைப்புள்ளியை வரி எண்ணோடு காட்டிவிடும். 'சக்சஸ்ஃபுல்' என்று வந்த பின்பே சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், சர்வர்_நேம் பொருந்தாமல் கோரிக்கை டிஃபால்ட் தளத்துக்குப் போகிறது. பெயரைச் சரிபாருங்கள்.

பக்கம் வருகிறது, ஆனால் சிஎஸ்எஸ் இல்லாமல் மொட்டையாக வருகிறதா? ஸ்டேட்டிக் கோப்புகளை (சிஎஸ்எஸ், படங்கள் போன்றவை) தருவது குனிகார்னின் வேலை இல்லை. அவற்றை ஒரே ஃபோல்டரில் சேர்க்கும் ஜாங்கோவின் கலெக்ட்ஸ்டேட்டிக் கட்டளையை ஓட்டி, லொகேஷன் /ஸ்டேட்டிக்/ என்று தனிப் பகுதி எழுதி, ஏலியஸ் வரியில் அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். இரண்டும் சாய்கோட்டில் முடியட்டும். ஃபோல்டர் உங்கள் ஹோமுக்குள் இருந்தால் 403 (அனுமதி மறுப்பு) வரலாம்: உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750, என்ஜின்எக்ஸால் உள்ளே நுழைய முடியாது. ஹோமைத் திறந்துவிடாதீர்கள், ஸ்டேட்டிக் கோப்புகளை வார் (/var) ஃபோல்டருக்குள் வைப்பதே நல்லது.

தளத்தை /கடை/ போன்ற துணைப் பாதையில் வைக்கிறவர்கள் பிராக்ஸி_பாஸ் வரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 8000க்குப் பின் சாய்கோடு இருந்தால் /கடை/பில் என்பது உள்ளே /பில் ஆகப் போகும். சாய்கோடு இல்லாவிட்டால் முழுப் பாதையும் அப்படியே போகும். காரணம் தெரியாத 404 என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

502 (பின்னாலிருந்து சரியான பதில் வரவில்லை) வந்தால் என்ஜின்எக்ஸின் எரர் லாகின் கடைசி வரியைப் படியுங்கள். '111' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்றால் குனிகார்ன் ஓடவில்லை, அல்லது போர்ட் வேறு. 'அப்ஸ்ட்ரீம் ப்ரிமெச்சூர்லி க்ளோஸ்டு' என்றால் வொர்க்கர் பாதியில் செத்திருக்கிறது. குனிகார்ன் இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும், என்ஜின்எக்ஸ் 60 விநாடி. அதனால்தான் நேரமெடுக்கும் பக்கத்துக்கு 504 (நேரம் கடந்தது) வராமல் 502 வருகிறது. என்ஜின்எக்ஸின் டைம்அவுட்டை மட்டும் கூட்டினால் ஒன்றும் மாறாது. குனிகார்னின் டைம்அவுட்டையும் சேர்த்துக் கூட்டுங்கள், அல்லது அந்த வேலையைப் பின்னணி க்யூவுக்கு மாற்றுங்கள். படம் ஏற்றும்போது மட்டும் 413 (அளவு அதிகம்) வந்தால் காரணம் என்ஜின்எக்ஸின் 1 எம்பி வரம்பு. சர்வர் பகுதிக்குள் க்ளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் வரியில் 10எம் என்று இடைவெளி இல்லாமல் கொடுத்து ரீலோட் செய்யுங்கள்.