மர ட்ரேயில் மலைக்காட்சி: எங்கே சறுக்குகிறது?

காபி கொண்டுபோகும் மர ட்ரேயில் வால்பாறைத் தேயிலைச் சரிவைப் போட்டோ டைல்களாகப் பதித்தால் அழகாகத்தான் இருக்கும். செய்து முடித்த அன்று எல்லா ட்ரேயும் அழகு. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே ட்ரேயை எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் முதல் ட்ரேயைச் சித்திரை வெயிலில் செய்தேன். அடிப்பாகம் ஒரே தேக்குப் பலகை, அதன்மேல் டைல்கள், இடுக்கில் வெள்ளை சிமென்ட். மழைக்காலத்தில் இடுக்கெல்லாம் விரிசல், ஒரு டைல் ஆடத் தொடங்கிவிட்டது. மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. ஓரடி அகலப் பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். டைல் நகராது. சிமென்ட்டும் வளைந்து கொடுக்காது.

அதனால் அடிப்பலகைக்கு நல்ல பிளைவுட் போடுங்கள். அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் நகர்வு மிகக் குறைவு. கட்டை மரம் சட்டத்துக்கு மட்டும் போதும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவுதான், ஆனால் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். டைலை ஒட்டவும் இடுக்கை நிரப்பவும் சிலிக்கான் நல்லது. சட்டத்துக்கும் டைலுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் விடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது.

அடுத்தது படம். நாலேகால் அங்குல டைல்கள் ஆறு, வரிசைக்கு மூன்று என்றால் படத்தின் நீளம் முக்கால் அங்குலம் கூடிய ஓரடி. அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று கணக்கிட்டாலே 2550 வேண்டும், 300 என்றால் 3825. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் 1600 அளவில்தான் வரும். போனில் பளிச்சென்று தெரிந்த தேயிலைச் செடிகள் டைலில் பச்சைக் கஞ்சியாகிவிடும். எடுத்தவரிடமே மூலப் படத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. வானமும் மலையும் சேரும் கோடு படத்தின் நட்டநடுவில் இருந்தால், அது இரண்டு வரிசைக்கு நடுவிலுள்ள இடுக்கில் போய் மறைந்துவிடும். கோட்டை மேலேயோ கீழேயோ தள்ளி வெட்டுங்கள். இடுக்கின் அகலத்தையும் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் சரிந்து இறங்கும் மலைவிளிம்பு ஒவ்வொரு டைலிலும் படிக்கட்டு மாதிரி தாவும்.

சூட்டில் அச்சேற்றிய சப்ளிமேஷன் டைல் காபி டம்ளருக்கெல்லாம் அசராது. ஏற்கெனவே 180, 200 டிகிரி பார்த்துவிட்டு வந்ததுதான் அது. வெயில்தான் அதற்கு ஆகாது, ஜன்னலோரம் மாட்டினால் நிறம் மங்கும். காகிதப் படத்தை ஒட்டி மேலே எபாக்ஸி ரெசின் (கண்ணாடி மாதிரி இறுகும் திரவம்) ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகும், டம்ளரின் வட்டம் அப்படியே பதிந்துவிடும். சட்டத்துக்கு அரக்கு பாலிஷ் போட்டாலும் சூடும் ஈரமும் பட்டு வெள்ளை பூக்கும். பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு தேவலை.

கைப்பிடிக்குச் சின்ன ஸ்க்ரூ போதாது. ஆறு டைல் மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ, அதன்மேல் டம்ளர்கள் வேறு. சட்டத்தைத் துளைத்து போல்ட், நட்டு போட்டு முடுக்குங்கள்.

சரி, எல்லாம் செய்து பரிசாகக் கொடுத்தாயிற்று. எப்படித் துடைப்பது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: ஈரத்துணி போதும், ஊறவைக்கக் கூடாது, கம்பி நார் கூடாது. நான் அத்தையிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் குழாயடியில் வைத்து, பழக்கதோஷத்தில் புளி போட்டுக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். அடுத்த பொங்கலுக்கு அவருக்குப் பித்தளைத் தாம்பாளம் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.